ஆற்றை காணி

இன்று காலை வேலி அடைக்க வந்தவர் நடப்போகும் கிளுவங்கதியால் தடியின் அடியைச் சீவினார். அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். நீ உயிரோடு இருந்த கடைசிக் காலத்தில் உன்னோடு கதைக்காதவன், இப்போது கடிதம் எழுதுகிறேன். சிரிக்காதே.

வழுக்கையாற்றை மீட்கும் மாநாடு நினைவிருக்கிறதா? மாரியில் மட்டும் ஓடும் நம் ஒரேயொரு ஆற்றுக்காகப் பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு நாள் கூட்டம். நாம் இருவரும் ஒரே நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறுபவர்கள். கட்டுரை வாசிக்க உன்னைத் தெரிவு செய்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே எரிந்தது. எனக்குக் கிடைத்தது களப்பயணத்துக்கு வழி காட்டும் வேலை.

அதற்கு ஒரு கிழமை முன்பு நீ கட்டுரைக்குக் கீறிய ஆற்றுப் படத்தை மேசையில் விரித்துக் குரலைத் தாழ்த்தினாய். உன் மாமனார் வருடா வருடம் வேலி அடைக்கும்போது ஒவ்வொரு சாணாக ஆற்றுக்குள் தள்ளி, அந்தக் காணியைத்தான் மகளுக்குச் சீதனமாக எழுதியிருந்தார். பிள்ளை பிறந்ததும் நீயே அந்த வேலியைப் பிடுங்கிப் பின்னுக்கு நடப்போவதாகச் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"உன்ரை வேலியும் உள்ளுக்குத்தான் நிக்குது. ரெண்டையும் நான் படத்திலை கீறேல்லை. நீயும் பிடுங்கிப்போடு, மச்சான்."

நான் படத்தைச் சுருட்டி உன் கையில் தந்தேன்.

போர்த் தடையால் பெற்றோல் இல்லாத காலம். அளவெட்டியிலிருந்து ஆற்றோரமாகச் சைக்கிளில் புறப்பட்டோம். வழியில் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்தோம், எல்லாருமாக நின்று படம் எடுத்தோம், கம்பஸிலிருந்து வந்த ஒருவர் பாட்டும் பாடினார். கந்தரோடையில் உன் வீட்டுப் பின்பக்கம் பயண ஒழுங்கிலேயே இல்லை. நான்தான் சைக்கிளைத் திருப்பினேன். உன் வேலிக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தி, ஒன்றும் தெரியாதவன் போல உன்னிடம் உரக்கக் கேட்டேன்.

"உது ஆற்றை காணி?"

யாருடைய காணி என்பதுதான் கேள்வி. ஆனால் எங்கள் பேச்சில் யாருடையது என்பதற்கும் ஆற்றுடையது என்பதற்கும் ஒரே சொல். வேலிக்கு அங்கால் கிணற்றடியில் உன் மனைவி, நிறைமாதம், வாளியைப் பிடித்தபடி நின்றாள். நீ அவளைப் பார்த்தாய். என்னையும் பார்த்தாய். பொய் சொல்லத் தெரியாத வாய் உனக்கு.

"ஆற்றை காணிதான்," என்றாய்.

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். அவள் வாளியை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் பசிக்கிறது என்று சொல்லி, சண்டிலிப்பாயில் என் காணிக்குப் போகுமுன்னே எல்லாரையும் மண்டபத்துக்குத் திருப்பினேன்.

பின்னேரக் கலை நிகழ்ச்சியில் அதையே நாடகமாக்கினேன். உன்னைப்போலத் தலையைக் குனிந்து நடந்து காட்டினேன். நான் கேட்கக் கேட்க மண்டபமே சேர்ந்து பதில் சொன்னது. முன்வரிசையில் இருந்து நீயும் கை தட்டினாய். வேறென்ன செய்வாய், பாவம்.

மறுநாள் நீ தனியாக வேலியைப் பிடுங்கினாய். தன் மகளின் சீதனத்தை ஆற்றில் கொட்டியவன் என்று மாமனார் வந்து அவளைக் கூட்டிப்போனார். பிள்ளையை உனக்குக் காட்டவே இல்லை. கந்தோரில் உன் பெயர் 'ஆற்றை காணி' என்றாயிற்று. வைத்தவன் நான். என் வேலியைப் பற்றி நீ ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அதுதான் உன்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

போரில் ஊரே வெளியேறிய இடப்பெயர்வில் தென்மராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் நீ காய்ச்சலில் கிடந்தாய். நான் இரண்டு வகுப்பறை தள்ளி இருந்தேன். நீ என்னைக் கேட்டதாக வந்து சொன்னார்கள். மழையைச் சாட்டாகச் சொல்லிப் படுத்துக்கொண்டேன். விடிந்தபோது நீ இல்லை.

மாநாட்டுத் தீர்மானங்கள் எந்த அலுமாரியில் கிடந்து மக்கினவோ தெரியாது. ஆற்றுக்குத் திரும்பக் கிடைத்தது உன் காணி மட்டும்தான். நீ பின்னுக்கு நட்ட கதியால்கள் இப்போது மரங்கள். மாரியில் தண்ணீர் அவற்றின் அடியைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் போனால் நான் நிற்காமல் சைக்கிளை வேகமாக மிதித்துக் கடந்துவிடுவேன்.

சொல்லவில்லையே, இன்று அடைப்பது என் ஆற்றுப்பக்க வேலி. வந்தவர் கதியாலுக்குக் கிடங்கு தோண்டும் அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்று, எல்லை எது, எங்கே நடுவது என்று கேட்டார். பிடுங்கிப்போடு மச்சான் என்ற உன் குரல் காதுக்குள் தெளிவாகக் கேட்டது.

"பழைய கிடங்கிலையே நடும்," என்றேன்.