திதி நாளில் வந்த பரிட்சை

இன்றைக்கு உன் மாமனாருக்குத் திதி. வடை சுட்ட எண்ணெய் வாசனை இன்னும் என் புடவையில் இருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும். நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஒரே அடுப்படியில் நிற்கிற மருமகளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

இந்த வாசனை வந்தாலே, நீ இந்த அடுப்படியில் இல்லாமல் போன அந்த ஒரு திதி நினைவுக்கு வந்துவிடுகிறது. அன்றைக்கு உன்னைப் பரிட்சைக்கு அனுப்பியது நான்.

எம்.சி.ஏ. படிக்க வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. விடியுமுன் மாரிக்குப்பம் ரயில் பிடித்து, பெங்களூரில் ஒரு கடையில் நாளெல்லாம் பில் போட்டுவிட்டு, இருட்டிய பிறகு வீடு வருகிறவளுக்கு இன்னும் என்ன படிப்பு என்றுதான் நினைத்தேன். நுழைவுத் தேர்வில் கணக்கு உனக்குப் பயமில்லை. யார் எங்கே உட்கார்ந்தார், எந்த முடிவு பொருந்தும் என்று கேட்கிற புதிர்களுக்குத்தான் பயந்தாய். நெரிசலில் நின்றுகொண்டு வருகிற வண்டியில் தாள் ஏது, பேனா ஏது? போனில் கேள்வியைப் படித்து மனசுக்குள்ளேயே போட்டுப் பார்ப்பாய். வீட்டுக்கு வந்ததும், மாவு பிசைகிற கையோடு அதை என்னிடம் சொல்வாய்.

“அத்தே, அஞ்சு பொம்பளைங்க ஒரு பெஞ்சுல வரிசையா உக்காந்துகினு கீறாங்க. கமலா பக்கத்துல விமலா இல்ல. ரேகா ரெண்டு ஓரத்துலயும் இல்ல. மனசுல வெச்சுக்கோங்க.”

“விமலா ஏன் தள்ளி உக்காந்தா? இன்னா சண்டை?”

“சண்டைன்னு கேள்வில இல்ல அத்தே. சொல்லாததை நாம சேக்கக் கூடாது.”

“சண்டை இல்லாம எவளாவது தள்ளி உக்காருவாளா?”

சிரித்துச் சிரித்து உனக்குப் புரை ஏறும். புதிரை அவிழ்ப்பது உன் வேலை, எனக்கு அது வராது. ஆனால் நீ சொன்னதில் ஒன்றைக்கூட நான் தவறவிட மாட்டேன். அவசரத்தில் நீ ரேகாவை ஓரத்தில் உட்கார வைத்தால், “ஓரத்துல இல்லைன்னு இப்பதானே சொன்னே?” என்று பிடித்துக்கொள்வேன். ஒரு நாள் எனக்கு அலுத்துப்போய், எவளோ ஒரு ரேகாவை நான் எதற்கு ஞாபகம் வைக்க வேண்டும் என்று எரிந்து விழுந்தேன்.

“உங்க குழம்புல புளி ஜாஸ்தின்னு நான் எங்கம்மாகிட்ட சொன்னதை இத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க. பரிட்சை வரைக்கும் ரேகாவை வெச்சிருக்க மாட்டீங்களா?” என்றாய்.

அப்படிக் கேட்கிற தைரியம் இந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. அந்தப் புளி விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு வகைக் கேள்வி உண்டு. ஒரு செய்தி, கீழே ஒரு முடிவு. தலைவர் தெருவுக்கு வந்தார், மறுநாள் குழாயில் தண்ணீர் நின்றது, ஆகவே அவர் வந்ததால்தான் நின்றது. பொருந்துமா என்றாய். பொருந்தும் என்றேன். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவள் வேறென்ன சொல்வாள்? நீ தலையை ஆட்டினாய். “பின்னாடி நடந்துச்சுங்கறதுக்காக, அதனாலதான் நடந்துச்சுன்னு ஆயிடாது அத்தே. அவர் போன மத்தத் தெருவுல தண்ணி வந்துதான்னு பாக்கணும்.” அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை.

பிறகு பரிட்சைத் தேதி வந்தது. அது திதி நாளாகவே அமைந்தது. செய்தி கேட்டதும் என் நாத்தனார் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். “வூட்டு மருமக கையால படைக்கலன்னா எங்கண்ணன் எப்படி அண்ணி சாப்புடுவாரு?” என்றாள். உன் புருஷன் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெற்ற பிள்ளையானாலும் அதை நான் மறக்கவில்லை. “அடுத்த வருஷம் எழுதிக்கறேன் அத்தே” என்று நீ சொன்னாய். உன் முகத்தைப் பார்த்தேன். அடுத்த வருஷம் இன்னொரு காரணம் வரும் என்று எனக்குத் தெரியாதா?

“அவருக்கு வருஷா வருஷம் திதி வரும், நீ போ” என்றேன். “ஷிப்டு முடிஞ்சு வந்து அந்த மனுஷன் எங்கையாலதான் சாப்ட்டாரு. இப்ப மட்டும் வேணாம்னுவாரா?”

பரிட்சை எழுதிவிட்டுச் சாயங்காலம் வந்ததும் வராததுமாக நீ வடைத் தட்டைக் கேட்டாய். நின்றபடியே தின்றுகொண்டு கேள்விகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தாய். சீட் கிடைத்தது. கல்லூரியில் சேர்ந்தாய். அடுத்த திதிக்கு முன்னால், மழைக்காலத்தில், காய்ச்சல் வந்தது. கொசுவால் வருகிற காய்ச்சல் என்றார்கள். ரத்தத்தில் என்னவோ இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “படைக்காம போனா. எங்கண்ணன் கோவம் சும்மா வுடுமா?” என்றாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அனுப்பியவள் நான்தானே என்று எத்தனையோ நாள் சோற்றுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போனபோது மடியில் கிடந்த உன் மகள் இப்போது நாலாவது படிக்கிறாள். இன்றைக்கு அவள்தான் இலை போட்டாள். நாத்தனார் அவளிடம், “நீயாவது தாத்தாவுக்கு ஒழுங்கா படை, ஒங்கம்மா மாதிரி பண்ணாத” என்றாள். குழந்தை கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் என்னிடம் வந்து நின்றாள்.

“ஆயா, தாத்தாவுக்குப் படைக்காம பரிட்சைக்குப் போனதாலதான் அம்மா செத்துட்டாங்களா?”

உன் புருஷன் இந்த முறையும் தலையைக் குனிந்துகொண்டான். குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லப்போவதைத்தான் அவள் கடைசிவரை நம்புவாள் என்று எனக்குத் தெரிந்தது.

“பாப்பா, ஒங்கம்மா போக மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் அனுப்பினேன். தாத்தாவுக்குக் கோவம்னா மொதல்ல யாரை இட்டுகினு போயிருக்கணும்?”

யோசித்தாள். “உன்னை.”

“நான் இன்னா ஆனேன்?”

“இங்கதான் கீறே. வடை சுட்டே.”

“அப்போ இவங்க சொல்றது?”

“பொருந்தாது” என்றாள். உன் மகள்தான்.

நாத்தனார் எழுந்து புடவையை உதறினாள். “கொழந்தை முன்னாடி இன்னா பேச்சு அண்ணி இது?”

“மொதல்ல பேசினது யாரு?” என்றேன்.

கோபித்துக்கொண்டு போனாள். வடையைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் போனாள்.

இத்தனை வருஷம் எனக்கு வராத பதில் குழந்தை கேட்டதும் எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பதில் நிற்கும். எனக்கு ஒன்று ஆகிவிட்டால், “பாத்தீங்களா, அனுப்பினவளையும் இட்டுகினு போயிட்டாரு” என்று சொல்ல நாத்தனார் அடுத்த ஆட்டோவிலேயே வந்து இறங்குவாள். அப்போது உன் மகள் தனியாக நிற்பாள்.

அதனால், எல்லாரும் போனதும் முதல் வேலையாகக் காலையில் விட்டுப்போன பிரஷர் மாத்திரையை விழுங்கினேன். ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் வர எனக்கு ஆசைதான். ஆனால் நாத்தனார் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருவேன்.