மடியில் வந்த பெட்டி

ஒக்டோபர் 29
காலையிலிருந்து மழை முகில். கழுதைகள் கடை ஓரம் ஒதுங்கி நிற்கின்றன. தோய்த்த சேலை காயவில்லை.

ஒல்லாந்திலிருந்து வந்தவள் நாளைக்கு வீட்டுக்கு வருகிறாள். தாய்-பிள்ளையா என்று பார்க்கிற எச்சில் சோதனையின் முடிவு வந்துவிட்டது. என் பிள்ளைதான். கொழும்பு ஆசுப்பத்திரியில், பிறந்த அன்றே செத்துப்போனது என்று சொன்ன மூத்த பிள்ளை. நாற்பது வயதாகிவிட்டது அவளுக்கு. சந்தோஷப்பட வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது.

வாங்க: பால்மா, வாழைப்பழம், புது விரிப்பு. முள் குறைந்த மீன்.

ஒக்டோபர் 30
வந்தாள். என் நெற்றி அப்படியே. என் மனுசன் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. இளைய மகன் சுதன்தான் மொழிபெயர்த்தான்.

"நீங்களா விரும்பித் தந்தனீங்கள் எண்டு வளர்த்தவைக்குச் சொன்னவையாம். ஆரோ ஒரு பொம்பிளை தான்தான் தாய் எண்டு வந்து ஒப்பம் வச்சதாம். ஏன் தந்தனீங்கள் எண்டு கேக்கிறா."

நான் கொடுக்கவில்லை. அதற்கு என்னிடம் ஒரே சாட்சி, சேமக்காலையில் பிள்ளையைப் புதைத்த இடத்தில் நாங்கள் நட்ட சிலுவை. வருஷா வருஷம் மரித்தவர்கள் திருநாளில் அங்கே மெழுகுதிரி கொளுத்துகிறேன். உயிரோடு இருந்தவளுக்கு.

வாங்கோ காட்டுறன் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அவள் இங்கே என்றால், அங்கே யார்?

நவம்பர் 1
கருவாட்டைப் பூனை இழுத்துப் போய்விட்டது. ஏசவும் மனமில்லை.

பிள்ளையின் பெட்டியை ஆசுப்பத்திரியில் ஆணி அடித்துத்தான் தந்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். நாங்களும் திறக்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் சொன்னால் திருப்பிக் கேட்கிற ஆட்களா நாங்கள்?

உள்ளே கல்லாக இருக்குமோ என்று இவரிடம் கேட்டேன். மாதாவே, கல்லாக இருக்க வேண்டும்.

இவர் குனிந்து தன் மடியைப் பார்த்தார். பிறகு: "கொழும்பிலயிருந்து மன்னார் மட்டும் ரயில்ல மடியில வச்சுக்கொண்டு வந்தனான். கல்லெண்டா கடகடக்கும். அது மெத்தெண்டு ஒரு பக்கமா சரிஞ்சது."



நவம்பர் 2
நல்ல வெயில், காற்று. பூசை முடியச் சேமக்காலை முழுக்கச் சனம். அவளும் வந்தாள், தலையில் என் முக்காடு. சிலுவையில் தன் பிறந்த திகதியைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நம்பிவிட்டாள். விம்மி விம்மி அழுதேன்.

குனிந்து மண்ணைத் தொட்டு ஏதோ கேட்டாள். சுதன் பக்கம் திரும்பினேன்.

"என்னடா?"

"இந்தப் பிள்ளையின்ர அம்மாவும் எங்கயோ தேடுவா தானே எண்டு கேக்கிறா."

தீர்த்தம் தெளித்துக்கொண்டு பங்குச் சுவாமி எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்.

"ஆத்துமத்தின்ர பேரைச் சொல்லுங்கோ அம்மா."

நான் வழக்கமாகச் சொல்லும் பெயருக்குரியவள் பக்கத்தில் நின்று, காற்றுக்கு அணையாமல் மெழுகுதிரியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.