வழிவிட்டு நின்ற ஐம்பத்தெட்டுப் பாவைகள்

நலம் நிலைக்க. மழை அளவறிந்து பொழிக. கரைகள் காக்க.

கடல் மூன்று புறமும் காவல் நிற்க, மலை ஒரு புறம் மதிலாய் அமைய, தண்புனல் நாட்டைத் தன் குடைநிழலில் தாங்கும் ஒள்ளிழைப் பெருந்தேவியாகிய நாம், பெருந்தாமரை ஏரிக்கரையில் அமைத்த பாசறையிலிருந்து, தலைநகராம் ஆழிமுகத்தின் காவலைத் தோளில் ஏற்றவரும், நம் தாயோடு உடன்பிறந்த அம்மானும், பகைவர் பெயர் கேட்டு அஞ்சும் தண்டநாயகருமாகிய கொற்றங்குமரனார்க்கு விடுக்கும் ஓலை. நும் குடி தழைக்க. நும் வாள் உறையிலேயே உறங்குக.

இன்னும் பதினாறு வரிப் பட்டங்களும் வாழ்த்துகளும் எழுதுவது முறை. அம்முறையை இன்று நாம் மீறுகிறோம். அம்மான், இவ்வரியில் கண் பட்டதும் ஓலையைக் கீழே வைத்துவிட்டுச் சிறைக்கோட்டத்துக்கு ஆளனுப்பும். பாவைகள் செய்யும் தச்சி இளநாகையின் வலக்கையை முழுமதி நாளில் வெட்டி வாங்குமாறு ஏழு நாள் முன்பு நாம் விடுத்த ஆணையை நாமே நீக்கினோம். ஆள் புறப்பட்டுப் போன பின்பு எஞ்சியதைப் படியும்.

ஆள் போயினான் என்று கொண்டு எழுதுகிறோம்.

பாவைகளை நீர் என்றும் விரும்பியதில்லை. சோறு உண்ணாத வேலையாளை நம்பலாகாது என்று அவையில் நீர் உரைத்ததும், அவை சிரித்ததும், நாமும் சிரித்ததும் நினைவில் உள்ளன. மரத்தாலும் செம்பாலும் ஆகிய அவற்றின் மார்புக்குள் உடையவர் தம் விருப்பத்தை ஏட்டில் எழுதி வைப்பதும், அதன்பின் அவை எவரும் ஏவாமல் தாமே சென்று விலை பேசி, வாக்குக் கொடுத்து, வேலை முடித்து மீள்வதும் நம் நாட்டில் வழக்கமாகி முப்பது ஆண்டு ஆயின. ஒரு வீட்டுப் பாவை ஒரு வீட்டு வேலையைச் செய்வதில் வியப்பில்லை. வியப்பெல்லாம் பல வீட்டுப் பாவைகள் கூடுமிடத்தில் இருக்கிறது.

அக்கூட்டத்துக்குச் சுவரில்லா மன்று என்று பெயர். ஏதேனும் ஒரு பெருவேலை நேர்ந்தால் அதைச் செய்ய விரும்பும் பாவைகள் எந்நாட்டிலிருந்தும் வந்து சேரலாம். வேலை முடிந்தால் கலையலாம். இடையில் போகவும் தடையில்லை. அதற்குத் தலைவன் இல்லை, ஊர் இல்லை, கூரை இல்லை. இன்னது செய்வேன் என்று ஒரு பாவை மற்றொன்றுக்குக் கொடுக்கும் வாக்கு எங்கே உண்டோ அங்கே அம்மன்று உண்டு. பெருந்தாமரை ஏரியின் கரையில் விரிசல் கண்டபோது இம்மன்றுதான் கூடிற்று. நம் நகரத்துப் பாவைகள் பத்தொன்பது; உப்பு வணிகர், மலைநாட்டார், நம்மோடு முகம் கொடுத்துப் பேசாத துடிநாட்டார் ஆகியோருடையவை முப்பத்தொன்பது. எவரும் அழைக்கவில்லை, செய்தி கேட்டு வந்தன.

முதல் நாள் நிகழ்ந்ததை நீர் அறிவீர். விரிசலுக்குச் செல்லும் கரைவழி ஒருவர் மட்டுமே நடக்கத்தக்கது. அதன் தலைப்பில் ஐம்பத்தெட்டுப் பாவைகளும் மண்கூடையோ மூங்கிலோ தலையில் தாங்கி, காலை முதல் மாலை வரை, ஓரடியும் எடுத்து வைக்காமல் நின்றன. ஏரி அன்று மேலும் நான்கு கோல் கரையைத் தின்றது. கீழ்ப்பாடி என்னும் சேரி முழுதும் நீருள் ஆயிற்று. மாந்தர் தப்பினர். தொழுவில் கட்டிய மாடுகள் தப்பவில்லை.

அச்செய்தி, நாடு சுற்றிவரப் போயிருந்த நம் செவிக்கு எட்டியபோது நாம் சினந்தோம். நம் நகரத்துப் பத்தொன்பதையும் செய்தவள் இளநாகை. துடிநாட்டார் பாவைகளும் அவளிடம் பழுது பார்க்கப்பட்டவை. பகைவரிடம் கைநீட்டிப் பொருள் வாங்கி, வேண்டுமென்றே நிற்கும் பாவைகளைச் செய்தாள் என்று எவரோ கூறினர். எவர் கூறினர் என்றுகூட நாம் கேட்கவில்லை. அந்தக் கையை வாங்குக என்று ஓலை எழுதி முத்திரையிட்டோம். குதிரைகள் மாறி மாறி ஓட அது உம்மிடம் இரண்டே நாளில் வந்து சேர்ந்தது. நம் ஆணை விரைந்து செல்வதில் அன்று பெருமையும் கொண்டோம்.

பின்னரே நாம் கரைக்கு நேரில் வந்தோம். வந்து கண்ட காட்சியை எப்படி எழுதுவது? பாவைகள் சும்மா நிற்கவில்லை, அம்மான். ஒவ்வொன்றும் அடுத்ததை நோக்கி இடக்கையை நீட்டி, பார்வை தாழ்த்தி, தாங்கள் முன்னே செல்க என்று வழிவிட்டுக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டில் ஒவ்வொன்றும் மற்ற ஐம்பத்தேழுக்கும் வழிவிட்டது.

அங்கே உமணத்தி சேந்தி என்பவள் இருந்தாள். உப்பு வண்டி ஓட்டுபவள். ஒரே ஒரு பாவைக்கு உடையவள். எவரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுபவள். இவற்றுக்கு என்ன கேடு வந்தது என்று அவளை வினவினோம். கேடு ஏதும் இல்லையென்றும், அரசியார் இட்ட ஆணையை அரசியார் கண்முன்பே நிறைவேற்றுகின்றன என்றும் அவள் விடையளித்தாள். நம் மெய்க்காவலர் வாளில் கைவைத்தனர். நாம் அவர்களை விலக்கி, மேலே சொல்லுமாறு பணித்தோம்.

எட்டு ஆண்டு முன்பு அரண்மனை வாயிலில் நம் பாவை ஒன்று துடிநாட்டுத் தூதரைத் தள்ளிக்கொண்டு முன்னே சென்றதும், நாணத்தால் நாம் முகம் சிவந்ததும் நீர் உடனிருந்து கண்டவை. அன்று மாலையே ஓர் ஆணை இட்டோம்: பிற இல்லத்திலிருந்து வந்தோர்க்கு வழிவிடாமல் எப்பாவையும் முன்செல்லலாகாது, இவ்விதியை மார்பேட்டில் பொறித்துக்கொள்ளாத பாவை, எந்நாட்டதாயினும், நம் எல்லைவாயிலைக் கடக்கலாகாது. விருந்தினரைப் போற்றும் நாடு என்று நம்மைப் பலர் புகழ்ந்தனர். அரண்மனையில் அவ்விதி அழகாகவே நடந்தது. அங்கே இல்லத்தார் யார், வந்தவர் யார் என்பது தெளிவு. ஏரிக்கரை எவர் இல்லம்? அங்கே எல்லாரும் எல்லார்க்கும் விருந்தினர். ஆகவே எல்லாரும் வழிவிட்டனர்.

சேந்தி இன்னொன்றும் சொன்னாள். அவ்வாணை பிறந்த மாதமே இளநாகை நமக்கு விண்ணப்பம் எழுதினாளாம். இல்லத்தார் இல்லாத இடத்தில் இவ்விதி பாவைகளைக் கல்லாக்கிவிடும், இதை இன்னும் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று வேண்டினாளாம். அம்மான், அந்த விண்ணப்பம் நம்மிடம் வந்தது. தச்சி அரசியாருக்கு விருந்தோம்பல் கற்பிக்கிறாள் என்று சொல்லி நாம் சிரித்து, முழுதும் படியாமல் அப்பால் வைத்தோம். இது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவில்லை என்று எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதையும் மறைக்கவில்லை.

பிழையை உணர்ந்த பின்பும் நாம் அரசியாகவே நடந்துகொண்டோம். கரைமேட்டில் ஏறி, விதியை நீக்கினோம், எல்லாரும் விரிசலுக்கு விரைக என்று குரல் கொடுத்தோம். நம் குடிகளின் உடைமையாதலால் நம் சொல்லுக்கு அடங்கும் நகரத்துப் பாவைகள் பத்தொன்பதும் ஒரே நேரத்தில் விரைந்தன. ஒருவர் நடக்கும் வழியில் பத்தொன்பது பாவைகளும் மண்கூடைகளும் ஏற, கரை ஒரு கோல் சரிந்தது. இரண்டு பாவைகள் ஏரிக்குள் விழுந்தன. மற்ற முப்பத்தொன்பதும் அசையவில்லை. நம் எல்லைவாயிலில் விதியைப் பொறிக்கும் உரிமை நமக்கு இருந்தது. பொறித்ததை அழிக்கும் உரிமை அவற்றை உடையவர்க்கே உண்டு, அவர்களோ, சேந்தி ஒருத்தி நீங்கலாக, பத்து நாள் வழிக்கு அப்பால் இருந்தனர். நாம் கரைமேட்டை விட்டு இறங்கினோம். கருமேகம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்குக் கீழே இன்னும் ஒன்பது ஊர்கள் இருந்தன.

அப்போது நிகழ்ந்தது இது.

மலைநாட்டுப் பாவை ஒன்று, ஒரு கை இல்லாதது, மூங்கில் சுமப்பது, தன் சுமையை இறக்கி வைத்தது. வழியின் தலைப்புக்குப் பக்கத்தில் ஒதுங்கி, மற்றவற்றை நோக்கித் திரும்பி, இருந்த ஒரு கையை மார்பில் வைத்து, வாயிலில் நிற்கும் இல்லத்தாரைப்போல் வரவேற்றது. தன்னை இல்லத்தாராக அது தானே ஆக்கிக்கொண்டது! விருந்தினர்க்கு எதிரே இல்லத்தார் தோன்றினால் விருந்தினர் உள்ளே செல்லலாம் அன்றோ? உப்புப் பாவை ஒன்று முன்னே அடி வைத்தது. வைத்து நாலடி சென்றதும் அதுவும் கரைச்சரிவில் ஒதுங்கித் திரும்பி நின்று, பின்னால் வந்ததை வரவேற்றது. அது சென்று அடுத்ததை வரவேற்றது. நாம் விரல்விட்டு எண்ணி முடிக்கும் முன்பே கரைவழி நெடுகப் பாவைகள் இல்லத்தாராகி நின்றன. வரவேற்கும் கைகள் வெறுங்கையாய் இருப்பானேன் என்று அவற்றுக்குத் தோன்றிற்று போலும். கூடைகள் கைக்குக் கை மாறத் தொடங்கின.

ஒரு விதியும் மீறப்படவில்லை. ஓர் உடையவரின் ஏடும் பொய்யாகவில்லை. எவரும் ஏவவில்லை, எவரும் கற்பிக்கவில்லை. நம் மெய்க்காவலருள் மூத்தவர் தம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவரைக் கேட்கவில்லை, ஏனெனில் நாமும் செருப்பைக் கழற்றியிருந்தோம்.

இரண்டு நாளில் விரிசல் அடைபட்டது. அவ்விரு நாளும் நாம் அங்கேயே அமர்ந்து பார்த்தோம். பிழையே நேரவில்லை என்று எண்ணவேண்டா. இருநூறு பாரம் கல் தருவேன் என்று வாக்களித்த பாவை ஒன்றிடம் ஒரு கல்லும் இல்லை. மற்றவை அதைத் துரத்தவில்லை. அதன்பின் கண்ணுக்கு எதிரே செய்து முடிக்கும் வேலையை மட்டும் அதற்குக் கொடுத்தன. துடிநாட்டுப் பாவை ஒன்றை, அதன் உடையவர் பல நாள் முன்பே விடுத்த ஓலை வந்து இடையிலே திரும்ப அழைத்தது. அது போகத்தான் வேண்டும். ஆயினும் தன் இடத்தில் மற்றொன்று வந்து நிற்கும்வரை நின்று, தான் கொடுத்த வாக்குகளை ஒவ்வொன்றாய் அதனிடம் ஒப்புவித்து, அது ஏற்றுத் தலையசைத்த பின்பே கரையிறங்கிற்று. பதவி மாறும் நம் அதிகாரிகள் எத்தனை பேர் இவ்வாறு போயினர் என்று எண்ணிப் பார்த்தோம். நீரும் எண்ணிப் பாரும், நெடுநேரம் ஆகாது.

ஆணைக்கு உலகம் அசையும் என்று நம்பி வளர்ந்தவள் நாம். ஒரு குரல் இல்லாவிடில் ஒரு கல்லும் நகராது என்று நமக்குக் கற்பித்தவர் நீர். அம்மான், நாம் இருவரும் அறியாத ஏதோ ஒன்று இவ்வுலகில் இருக்கிறது. அதன் முன் நாம் மிகச் சிறியவளாய் நின்றோம். அவ்வாறு நின்றது நமக்கு இனிதாகவும் இருந்தது.

ஆனால் அங்கேயே நின்றுகொண்டிருக்க நமக்குப் பொழுதில்லை. முழுமதிக்கு இன்னும் மூன்று நாள். பெருவழி முழுதும் நீரில் மூழ்கிற்று. குதிரைக்கு ஆறு நாள் ஆகும் என்கின்றனர். பாவைகள் வயல்வெள்ளத்திலும் சதுப்பிலும் நடக்கும். கைக்குக் கை மாற்றினால் மூன்று நாளில் சேர்க்கவும் கூடும். அவற்றுக்கு ஆணையிட நமக்கு உரிமையில்லை என்பதை இப்போது அறிவோம். ஆகவே கரையில் இறங்கிச் சென்று, இன்னது எம் பிழை, இன்னவள் கை அதற்கு ஈடாகப் போகிறது, இவ்வோலையைக் கொண்டு சேர்ப்பீர்களா என்று வேண்டினோம். முடிசூடிய நாள்முதல் நாம் எவரிடமும் வேண்டியதில்லை. சேந்தி அருகில் நின்று, இன்னும் சற்று உரக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டாள். பாவைகள் தமக்குள் பேசின. எதிர்த்தவையும் இருந்தன என்று தோன்றுகிறது. முடிவில் துடிநாட்டுப் பாவை ஒன்று கையை நீட்டிற்று.

இனி ஆணை.

எல்லைவாயிலில் எட்டு ஆண்டாகப் பொறிக்கப்படும் வழிவிடும் விதி இன்றோடு நீங்குக. பாவைகள் கூடும் மன்றுக்கு என்ன விதி வேண்டும், எது வேண்டா என்பதை இனி இளநாகையைக் கேளாமல் நாமோ நம் அவையோ விதிக்கலாகாது. கீழ்ப்பாடி மக்களுக்கு மேட்டில் மனையும், தொழுவுக்கு மாடும் நம் அரண்மனையிலிருந்து தருக. இளநாகையைச் சிறையிலிருந்து விடுவிக்கும்போது காவலரை அனுப்பாமல் நீரே சென்று கதவைத் திறந்து, இவ்வோலையை முழுதும் அவளுக்குப் படித்துக் காட்டுக.

ஒருவேளை ஓலை பிந்தியிருந்தால், அம்மான், அச்செய்தியை மென்மையாக்கி நமக்கு எழுதவேண்டா. அவளைப் பல்லக்கில் ஏற்றி மருத்துவருடன் இங்கே அழைத்து வாரும். ஏடெழுதுவோர் கையைக் கொண்டு எழுதுவிக்காமல் இவ்வோலையை நம் வலக்கையாலேயே எழுதினோம். அந்தக் கையை அவள் முன் நீட்டுவோம். தீர்ப்பை அவளே சொல்வாள். அதைத் தடுக்க முற்படுவோர், நீரே ஆயினும், நம் ஆணையை மீறியவர் ஆவர்.

தண்புனல் நாட்டு மீன்முத்திரை இட்டு, ஒள்ளிழை எழுத்து.