நாலு புள்ளி ரூபாய்

ஐப்பசி 9, செவ்வாய்.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் சேகரிடம் 1862 விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்று. அச்சுக்கு அச்சு, வருஷத்துக்குக் கீழே புள்ளிக் கணக்கு மாறும். இது நாலு புள்ளி; என் நாணயச் சேகரிப்பில் இல்லாதது. போன வாரம் கேட்டேன், தரவில்லை. எனக்கில்லாதது அவனுக்கும் வேண்டாம் என்று, "பாலீஷ் போடுடா, புள்ளி நல்லா தெரியும்" என்றேன்.

இன்று கம்பெனியில் ஷூவுக்குப் பளபளப்பு ஏற்றும் பஃபிங் மெஷினில் தேய்த்து எடுத்துவந்தான். லென்ஸில் பார்த்தேன். ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"எப்டி கீது?"

"சூப்பர்டா."

"வச்சிக்க. இன்னிக்கி உன் பொறந்தநாளாச்சே, அதுக்குத்தான் அன்னிக்கி தரல."

பாவி. அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?