அடுப்பு வெடிக்கவில்லை, அக்கா

பானையின் அடியில் பிடித்த சோற்றை நீ தின்றுவிட்டு மேல்சோற்றை எனக்கு எடுத்து வைத்த என் முத்துமாரி அக்காவுக்கு,

நீ போய் இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும். நாளை திங்கட்கிழமை.

அம்மா இருக்கிறாள். உன் தூக்குவாளியை இன்னும் விடியக்காலையில் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். கம்பெனி வேன் நம் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது மட்டும் உள்ளே போய்விடுகிறாள். நான் அதே அச்சாபீஸில்தான் இருக்கிறேன். காலண்டர் சீசன்.

இனிச் சொல்வது உனக்குத் தெரிந்ததுதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் உனக்கு வேலை. நம் ஊர் சுகாதார நிலையத்தில் மத்தியானத்துக்கு மேல் டாக்டர் இருக்க மாட்டார். தீக்காயம் பட்டவர்களை மதுரைக்குக் கொண்டுபோவதற்குள் பாதி உயிர் போய்விடும். எந்நேரமும் ஒரு டாக்டர், தீக்காயத்துக்கு நாலு படுக்கை. இவ்வளவுதான் நீ கேட்டது. திங்கள்தோறும் கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறுவாய். ஊரில் உங்களுக்கு 'மனு கோஷ்டி' என்று பெயர். "என்னக்கா, கலெக்டரு காப்பி குடுத்தாரா?" என்று வேன் டிரைவர் கிண்டல் பண்ணுவான். "குடுத்தாரு. ஆறிப் போயிருந்துச்சு" என்பாய்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாய். இந்தப் பக்கம் பட்டாசு வேலையில் யாருக்குத் தீப்பிடித்தாலும் ஆஸ்பத்திரியில் 'வீட்டில் அடுப்பு வெடித்தது' என்றுதான் சொல்லுவோம். லைசென்ஸ் போய்விடும், எல்லாருக்கும் வேலை போய்விடும் என்று ஃபோர்மேன் சொல்லிவைப்பார். நாமும் சொல்லுவோம். அப்புறம் நஷ்டஈடு கேட்க வாய் இருக்காது. "நகத்தக் காட்டுங்கடி" என்பாய் நீ. "வெள்ளிப்பொடி ஏறுன நகம் பொய் சொல்லாது." பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி, எவ்வளவு கழுவினாலும் நகத்தை விட்டுப் போகாது.

மனுவுக்குப் போனால் திங்கள் கூலி போகும். அதற்காகத்தான் சென்னையில் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டாய். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஜனங்களுக்கு வழி சொல்ல ஒரு பெண்ணுக்குக் கூலி, மனுவுக்குப் போகிறவர்களுக்கு அன்றைய கூலி, பஸ் காசு. வேறொன்றும் கேட்கவில்லை. கண் பரிசோதனை முகாம் நடத்தித் தருகிறோம், இதற்கெல்லாம் எங்களிடம் நிதி இல்லை என்று பதில் வந்தது. நீ அந்தக் கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாய்: "மாத்திரைக்குத் துட்டுத் தருவாகளாம்லே. மாத்திரை ஏன் இல்லன்னு கேக்குறதுக்குத் தர மாட்டாகளாம்."

அதன்பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் முள்ளுக்காட்டுக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாய். லைசென்ஸ் இல்லாத கொட்டகை. உன் கம்பெனி ஃபோர்மேனே தனியாக நடத்தியது. திங்கள் இழந்ததை ஞாயிறு ஈடுகட்டினாய். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூடத் தடுக்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பாயா?

கொட்டகையில் தீப்பிடித்த அந்த ஞாயிறு மத்தியானம் ஃபோர்மேனின் கார் நம் வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் வாழை இலைக்குள் நீ. நான் முன்னால் ஏறினேன். வழியெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார். "தம்பி, கொட்டகைன்னு வாயத் தொறந்தீகன்னா போலீஸ் கேசு. ஒரு டாக்டரும் தொட மாட்டான். அடுப்புன்னு சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்." டாக்டர் தொட மாட்டார் என்பதை நான் நம்பினேன். உன் தம்பி, உன் பேச்சை ஐந்து வருஷம் கேட்டவன், நம்பினேன்.

எப்படித் தீப்பிடித்தது என்று மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அடுப்பு வெடித்தது என்றேன். அவர் உன் கையைத் திருப்பிப் பார்த்தார். நகமெல்லாம் வெள்ளி. என்னை நிமிர்ந்து பார்த்து மறுபடி கேட்டார். மறுபடியும் அடுப்பு என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நீ கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாய், அக்கா. உனக்குக் கேட்டதா? இந்த ஒரு கேள்வியோடுதான் தினமும் எழுந்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு தடவை பேசினாய். திட்டுவாய் என்று குனிந்தேன்.

"ஏலே, திங்கக்கெழம யாரு போறா?"

நான் போகிறேன் என்றேன். அடுத்து வந்த அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் நீ போனாய். உன்னை எடுத்துக்கொண்டு நாங்கள் சுடுகாட்டுக்குப் போனோம். மனுவுக்கு யாரும் போகவில்லை.

இப்போது இந்த வாரச் செய்தி. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அதே அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வட்டாரத்து ஆட்களுடைய ஆஸ்பத்திரிப் பதிவுகளை எல்லாம் பார்த்தார்களாம். அடுப்பு விபத்து இங்கேதான் மிக அதிகமாம். அதனால் சமையலறைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்கு நிதி ஒதுக்கிவிட்டார்களாம், உன் பெயரிலேயே. செல்போனில் போஸ்டரைக் காட்டினார். நீ சிரிக்கிறாய். பக்கத்தில் ஒரு கேஸ் அடுப்பு. குடும்பத்தின் சம்மதத்துக்கு நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நாங்கள் எழுதிக்கொடுத்ததைத்தான் அவர் படித்திருக்கிறார். வெந்து செத்த ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நின்று அடுப்பு, அடுப்பு என்று சொன்னது யார்? நாம்தானே? உன்னை மனு மேல் மனுவாகக் கேட்கவைத்துக் கொன்ற ஊர், செத்த பிறகு உன்னைச் சமைக்கத் தெரியாதவளாகவும் ஆக்கப் பார்க்கிறது. அதற்கு என் கையெழுத்துதான் பாக்கி.

அது அடுப்பு இல்லை மேடம் என்றேன். முழுவதும் சொன்னேன். அவர் போஸ்டரை மூடிச் செல்போனைப் பைக்குள் வைத்தார். அப்படியானால் பதிவைத் திருத்திக்கொண்டு வாருங்கள், அதற்கப்புறம்தான் நான் மேலே பேச முடியும் என்றார்.

பதிவைத் திருத்துவதென்றால் நான் பொய் சொன்னேன் என்று நானே எழுதிக்கொடுக்க வேண்டும். என் மேலும் கேஸ் வரலாம். என் அச்சாபீஸ் முதலாளி அந்த ஃபோர்மேனின் மச்சான். "செத்தவ திரும்பியா வரப்போறா? இருக்கவன் பிழைக்கணும்ல" என்றாள் அம்மா. நேற்றுச் சாயங்காலம் பார்க்கிறேன், உன் மனுக்கள் இருக்கும் மஞ்சப்பை பரணிலிருந்து இறங்கி என் சட்டைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அம்மாதான் எடுத்து மாட்டியிருக்கிறாள்.

உன்னோடு மனுவுக்கு வந்த பேச்சியம்மா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். நாலு பேர் வருகிறோம், கூலி போனால் போகட்டும் என்றார். போன கூலிக்காக அவர் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கொட்டகைக்குப் போவார்? அதனால் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கிறோம். திங்கட்கிழமை மனுவுக்குப் போகிறவளின் கூலியை அன்றைக்கு வேலைக்குப் போகிறவர்கள் பிரித்துக் கொடுப்பது. இதைப் படிக்கிற யாருக்காவது எங்கள் ஊருக்கு ஏதாவது செய்யத் தோன்றினால், போர்வையும் பிஸ்கட்டும் வேண்டாம். ஒரு பெண்ணின் திங்கட்கிழமையைக் கொடுங்கள்.

அக்கா, நாளை ஏழரை பஸ். முதலில் நாலு படுக்கைக்கான உன் மனு. அடுத்தது நான் எழுதியது. 'என் அக்கா முத்துமாரி முள்ளுக்காட்டுக் கொட்டகையில் பட்டாசு செய்யும்போது வெந்து இறந்தார். அடுப்பு என்று சொன்னது நான்' என்று அது ஆரம்பிக்கிறது. கலெக்டர் ஆபீஸில் வாங்க மாட்டோம் என்றால் அடுத்த திங்கள் போவேன். வேலை போனால் எல்லாத் திங்களும் எனக்கு லீவுதானே.

யார் போகிறார்கள் என்று இனி நீ கேட்க வேண்டாம்.

போகிறவன்,
உன் கூடப்பிறந்த தம்பி.