பெயர் மட்டும் எங்கள் பட்டியலில்

ஆகஸ்ட் 6

இன்று பயிற்சியில் இருபது பந்து உதைத்தேன். பதினேழைத் தடுத்துவிட்டாள் ஒட்டடைக்குச்சி. பதினேழரை வயதில் எனக்கு அந்தக் கைகள் இருந்திருந்தால் நான் இன்னும் பத்து வருடம் ஆடியிருப்பேன். பன்னிரண்டு வயதில் எங்கள் கிளப் அகாடமிக்கு வந்தபோதே கோல் கம்பம் எது, இவள் எது என்று தெரியாது. பெயர் நான் வைத்ததுதான். எவ்வளவு திட்டினாலும் "சரி கோச்சக்கா" என்று சிரிப்பாள்.

மதியம் இயக்குநர் கூப்பிட்டார். சீனியர் அணிக்கு வெளியிலிருந்து இரண்டு கோல்கீப்பர்களை எடுத்தாகிவிட்டதாம். இவள் மூன்றாவது. மூன்றாவது என்றால் பெஞ்ச் கூட இல்லை, கேலரி.

ஆகஸ்ட் 7

சொல்லிவிட்டேன். கையுறையைக் கழற்றாமலே தண்ணீர் குடித்தாள்.

செப்டம்பர் 19

லீக்கில் கடைசி இடத்தில் இருக்கும் கிளப்பின் பயிற்சியாளர் போன் செய்தாள். அவர்கள் கோல்கீப்பருக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஒட்டடைக்குச்சியைக் கேட்கிறார்கள். அடுத்த ஆட்டத்திலேயே இறக்குவார்களாம். பைத்தியக்காரி மாதிரி இயக்குநர் அறைக்கு ஓடினேன்.

"அவ நம்ம அகாடமிப் பொண்ணு. பத்தொன்பது வயசு வரைக்கும் லீக்ல வேற யாரும் தொட முடியாது. விதி அதுதான்."

"நாமளும் ஆட விடலையே சார்."

"அங்க போய் நமக்கு எதிராவே நாலு பந்தைப் பிடிச்சா மேல இருக்கறவங்க என் கழுத்தைப் பிடிப்பாங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அஞ்சு வருஷம் தங்க இடம், படிப்பு, முழங்கால் ஆபரேஷன். எல்லாம் பண்ணி வளர்த்தவனுக்கு ஒண்ணும் இல்லன்னா, நாளைக்கு எவன் அகாடமி நடத்துவான்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

அவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும்.

செப்டம்பர் 23

அவள் அப்பா வந்தார். வெல்டர். பட்டறையிலிருந்து நேராக, புருவத்தில் கரியோடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்கதானேம்மா வீட்டுக்கு வந்தீங்க? 'கையெழுத்துப் போடுங்கண்ணே, பாப்பாவை நான் பாத்துக்கறேன்'னு சொன்னது நீங்கதானே?"

ஆமாம். நான்தான். அந்த விதி ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது, நானே கவனிக்கவில்லை என்றேன்.

பொய். படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் பக்கத்தைப் புரட்டினேன். வேறு கிளப் முந்திக்கொண்டு விடுமோ என்ற அவசரம். ஒரு குழந்தைக்கு ஏழு வருடம் என்றால் எவ்வளவு என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அக்டோபர் 14

லீக்கின் புகார்க் குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வீட்டுக்காரர் ஒருமுறை படித்தார்.

"வேலை போயிடுமே?"

"போகட்டும்."

"அப்போ மூணாவது வரில எழுத்துப்பிழை இருக்கு. அதோட போக வேண்டாம்."

நவம்பர் 28

விசாரணை. நீள மேஜை, மூன்று பேர், கால் மணி நேரம். ஒன்பதாம் பக்கத்தைத் தெரிந்தே மறைத்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

குழுத் தலைவி அவளைக் கேட்டார்: "உனக்கு என்னம்மா வேணும்?"

"ஆடணும்."

அவ்வளவுதான் சொன்னாள். அதை எழுதிக்கொண்டார்கள்.

டிசம்பர் 12

ஜெயித்துவிட்டோமாம். அடுத்த பருவத்திலிருந்து ஆட விடாத பிள்ளையைக் கிளப் பிடித்து வைக்க முடியாது. ஆனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்கள் பழைய விதிப்படியே. காலையிலிருந்து வாழ்த்து, வாழ்த்து. போனை அணைக்கப் போனேன். அதற்குள் அவள் குரல் வந்துவிட்டது.

"அப்போ எனக்கு, கோச்சக்கா?"

டிசம்பர் 13

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 20

ஒட்டடைக்குச்சி அகாடமியை விட்டுவிட்டாள். பார்சல் பிரிக்கும் டிப்போவில் வேலை. பெயர் மட்டும் இன்னும் கிளப் பட்டியலில் இருக்கிறது.

பிப்ரவரி 11

ஒரு வருடமாக இந்த நோட்டைத் தொடவில்லை. இன்று அவளுக்குப் பத்தொன்பது. விடிந்ததும் அந்தக் கடைசி இடத்துக் கிளப்புக்கு நானே போன் செய்தேன்.

"அன்னிக்கே விட்டிருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்திருப்பேன்க்கா. ஒன்றரை வருஷமா ஒரு ஆட்டம் கூட ஆடாத பொண்ணை இப்போ எப்படி எடுக்கறது?"

இன்னும் மூன்று இடத்தில் கேட்டேன், அதே பதில். அவள் அப்பாவிடம் சொன்னபோது, "அவகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க விடுங்கம்மா" என்றார். இத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மார்ச் 8

நேற்று அவளே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை டிப்போ ஆளுங்கல்லாம் சும்மா ஆடறோம். கோல்ல நிக்க ஆளில்ல. வர்றீங்களா?"

"நீ இருக்கியேடி."

"நான் முன்னாடி ஆடறேன்." பிறகு அவளே சொன்னாள்: "கோல்ல நின்னா பந்து வர்ற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கணும்க்கா. என்னால இனிமே முடியாது."

போனேன். லாரி நிறுத்தும் மைதானம், கல்லை அடுக்கிக் கோல். என் இடுப்பை வைத்துக்கொண்டு ஆறு கோல் விட்டேன். அவள் முன்னால் ஆடினாள், சுமாராகத்தான். கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. விழுந்தாள், சிரித்தாள்.

ஆனால் பந்து என்னை நோக்கி வந்தபோதெல்லாம் அங்கிருந்தே திரும்பிப் பார்த்தாள். நான் எந்தப் பக்கம் பாய வேண்டுமோ அந்தப் பக்கம் அவள் தோள் சாய்ந்தது. ஆறு முறையும் சரியாக.