வில்லியம் ஐயருக்கு முப்பது பூச்சு

இறந்த பிறகும் என்னை வேலை வாங்கும் என் அன்பு அப்பா,

தியாகதுருகம் மலையடிவாரத்தில் நீங்கள் முப்பது வருடம் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரப் பாதிரியாரின் கல்லறையை வரும் செவ்வாய்க்கிழமை இடிக்கப் போகிறார்கள். சாலையை அகலப்படுத்துகிறார்கள். யாருடைய கல்லறை என்று பெயர் இருந்தால் விட்டுவிடலாம் என்றார் அளக்க வந்த அதிகாரி.

அந்தப் பாதிரியார் வில்லியம் ஐயர்மீது எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. கம்பெனிப் பட்டாளத்தோடு வந்தார். இந்த மலைக்கோட்டைச் சண்டையில் செத்தவர்களைப் புதைத்தார். ஊர் திரும்ப, இங்கிலாந்தில் ஒரு சின்னச் சபை கேட்டு வருடாவருடம் மனு எழுதினார். பதில் வருவதற்குள் காய்ச்சலில் போனார். தமிழில் நாலு வார்த்தை பேசியதாகக்கூட, அவரைப் பற்றி நீங்கள் விசாரித்து எழுதிவைத்த நோட்டில் இல்லை. இவருக்கா இத்தனை பாடு என்று நீங்கள் இருந்தபோது ஒருமுறை கேட்டேன்.

"மனு போட்டுட்டுக் காத்துக்கினு இருந்த மனுசன்மா. டிரான்ஸ்பர் கேட்ட வாத்தியாருக்குத்தான் அது புரியும்" என்று சிரித்தீர்கள்.

கல்லறைத் திருநாளுக்கு நம் வீட்டுக் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துவிட்டு, மீதிச் சுண்ணாம்பை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அவருக்கும் அடிப்பீர்கள். நேற்று பெயரைக் காட்டுவதற்காக அதிகாரியின் முன்னால் அந்தச் சுண்ணாம்பைக் கரண்டியால் சுரண்டினேன். பத்தை பத்தையாக உரிந்தது. பெயரைக் கல்லில் வெட்டியிருக்கவில்லை அப்பா, சாந்தில் கீறியிருந்தார்கள். சாந்தும் சேர்ந்து உரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னா மேடம், வழவழன்னு இருக்குது. பேரு எங்க?" என்றார் அதிகாரி.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் எனக்காகப் பரிந்து பேசினாள். "இவங்க நைனா ஒரு வருசங்கூட வுடாம வெள்ளையடிச்சாரு சார். கொஞ்சம் ஜாஸ்தியாவே அடிச்சிட்டாரு."

உங்கள் நோட்டை நீட்டினேன். "நோட்டுல யாரு வேணா எழுதலாங்க" என்றார் அவர்.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள் நான். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் தாங்கவில்லை. பெயரை அழித்தது யார் அப்பா, நீங்களா, நானா?

இன்று கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்குள் பதில் வராது.

அன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன். மிஷின் வருவதற்கு முன்பே போய்விடுவேன். தடுக்க என்னால் ஆகாது. எலும்பு கிடைத்தால், இது யார் என்று அந்த டிரைவராவது கேட்பார் அல்லவா? சொல்வதற்கு நான் நிற்பேன்.

உங்கள் ஒரே மகள்